386 லேயர்களும் ஒரு வால்வும்: ஒரு மோஷன் கிராஃபிக்ஸ் கோப்பைப் பிரித்து அடுக்கிய நிகழ்வு ஆய்வு

இதயம் இரத்தத்தை எப்படிச் செலுத்துகிறது என்று விளக்கும் 90 வினாடி அசைவுப்படம் அது. வேலை முடிந்து, குரல் சேர்த்து, சரிபார்ப்புக்கும் போயிருந்தது. பார்க்க உட்கார்ந்த இதயநோய் மருத்துவர் 41ஆம் வினாடியைத் தாண்டியதும் நிறுத்தச் சொன்னார். "இடது கீழறை தளர்ந்து நிரம்புகிற நேரத்தில் பெருந்தமனி வால்வு திறந்து நிற்கிறது, பாருங்கள். வெளியே தள்ளிய இரத்தம் திரும்ப உள்ளேயே வந்துவிடும்" என்றார். அதற்கு முந்தைய 40 வினாடிகளிலும் அதே வால்வு சரியான நேரத்தில்தான் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

கோப்பைச் செய்தவர் வேறு பணிக்குப் போய்விட்டார். திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூடவே இரண்டு கோரிக்கைகள்: படம் மூன்று மொழிகளில் வேண்டும், 1920-க்கு 1080 என்ற அகலத்திரை அளவில் இருப்பதை 1080-க்கு 1920 என்ற நிமிர்ந்த அளவிலும் தர வேண்டும். அசைவுப்படம் செய்யும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கோப்பைத் திறந்தேன். ஒரே கம்போசிஷனில், அதாவது படத்தின் அடுக்குகளைக் கோத்து வைக்கும் ஒரே பணித்தளத்தில், 386 லேயர்கள் இருந்தன.

வால்வைச் சரிசெய்ய எனக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அது ஏன் தவறியது என்று புரிந்துகொள்ள ஒரு முழு நாள் ஆயிற்று. அந்த ஒரு நாள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். லேயர்களை ஒழுங்காக வைப்பதைச் சுத்தம், அழகு, பழக்கம் என்ற கணக்கில் சேர்த்துப் பேசுகிறோம். இந்தக் கோப்பில் ஒழுங்கின்மை ஒரு மருத்துவப் பொய்யாகத் திரையில் வந்து நின்றது.

கோப்பு இருந்த நிலை

முதல் பார்வையில் அது கவனமில்லாதவர் செய்த கோப்பாகத் தெரியவில்லை. வண்ணக் குறிகள் இருந்தன: தமனிகள் சிவப்பு, சிரைகள் நீலம், எழுத்துகள் மஞ்சள். வேலை முடிந்த லேயர்களை 'ஷை' போட்டு மறைத்திருந்தார். டைம்லைனில் ஒவ்வொரு லேயர் பக்கத்திலும் இருக்கும், சுவருக்கு மேல் மூக்கை வைத்து எட்டிப் பார்க்கும் முகம் போன்ற அந்தச் சின்னப் பொத்தான்தான் ஷை. அதை அழுத்தி, மேலே உள்ள பொதுப் பொத்தானையும் அழுத்தினால் லேயர் பட்டியலிலிருந்து மறையும். படத்தில் அப்படியே இருக்கும்.

பெயர்கள்தான் கைவிட்டன. 'ஷேப் லேயர் 147', 'நல் 23', 'அம்பு 2 2 2'. நல் என்பது திரையில் தெரியாத, மற்றவற்றைக் கட்டி இழுக்க மட்டுமே பயன்படும் வெற்று லேயர். 23ஆம் நல் எதை இழுக்கிறது என்று அறிய, அதை அசைத்துப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை.

பட்டியலில் ஒரு வினோதம் கண்ணில் பட்டது. ஏறக்குறைய எல்லா லேயர்களும் இரண்டிரண்டாக இருந்தன. ஒன்று தொடக்கத்திலிருந்து 41ஆம் வினாடி வரை. அதே பெயரில் கடைசியில் 2 சேர்ந்த இன்னொன்று அங்கிருந்து இறுதி வரை. ஷை விலக்கிக் காட்டியபோது மறைந்திருந்த 31 லேயர்கள் வெளியே வந்தன. அவற்றுக்கு இரட்டை இல்லை. 0 முதல் 90 வரை வெட்டுப்படாமல் நீண்டு கிடந்தன. அந்த 31-இல் நான்கு வால்வுகளும் இருந்தன.

12 ஃப்ரேம்

படம் வினாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 நிலைப்படங்கள். இதயம் நிமிடத்துக்கு 75 முறை துடிப்பதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி, சரியாக 20 ஃப்ரேம். ஓய்வான இதயத்தில் கீழறை சுருங்குவதற்கு ஏறத்தாழ 0.3 வினாடி, தளர்ந்து நிரம்புவதற்கு 0.5 வினாடி. ஃப்ரேம் கணக்கில் முதல் 8 சுருக்கம், அடுத்த 12 தளர்வு. பெருந்தமனி வால்வு அந்த முதல் 8 ஃப்ரேமுக்குள்தான் திறந்திருக்க வேண்டும்.

குரல் பதிவு இரண்டாம் முறை எடுக்கப்பட்டபோது 41ஆம் வினாடியில் ஏறத்தாழ அரை வினாடி இடைவெளி கூடியிருக்கிறது. அதற்கு இடம் தர, அவர் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, அந்த இடத்தில் வெட்டி, பின்பாதிகளை 12 ஃப்ரேம் தள்ளியிருக்கிறார். யாரும் செய்யக்கூடிய, நியாயமான வேலைதான். ஆனால் ஷை லேயர்கள் மறைந்திருக்கும்போது 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்ற கட்டளை அவற்றைத் தொடாது. கண்ணில் தெரிந்தவை மட்டும் வெட்டுப்பட்டு நகர்ந்தன. 31 லேயர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. இதயச் சுவர் 12 ஃப்ரேம் பின்னால் போக, வால்வு 12 ஃப்ரேம் முந்திக்கொண்டது. 20 ஃப்ரேம் சுழற்சியில் 12 முந்தினால் 0 முதல் 7 வரை இருந்த திறப்பு, முந்தைய துடிப்பின் 8 முதல் 15 வரை போய் விழும். முழுக்க முழுக்கத் தளர்வு நேரம். ஓரிரு ஃப்ரேம் தவறியிருந்தால் மருத்துவர் கண்ணுக்கும் தப்பியிருக்கலாம். இது அப்படியே தலைகீழாக விழுந்ததால் தெரிந்தது.

கண்டுபிடித்ததும் எனக்கு அந்த முன்னவர் மேல் கோபம் வரவில்லை. ஒன்றாகத் துடிக்க வேண்டிய சுவரும் வால்வும் ஒன்றோடொன்று எந்தப் பிணைப்பும் இல்லாமல், தற்செயலாக ஒரே நேரத்தில் கீஃப்ரேம் (அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் புள்ளி) வைக்கப்பட்ட இரண்டு லேயர்களாக இருந்தன. அவற்றைச் சேர்த்து வைத்திருந்தது அவருடைய நினைவு மட்டுமே. அவர் போனபோது அதுவும் போய்விட்டது.

முதல் முயற்சி ஏன் தோற்றது

வெட்டுப்பட்ட இரட்டைகளை முதலில் ஒட்டினேன். அதற்கே அரை நாள் போயிற்று. பிறகு எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இதயத்தைச் சேர்ந்த லேயர்கள் அனைத்தையும் பிடித்து ஒரு ப்ரீகாம்ப்புக்குள், அதாவது பிரதான காம்ப்பில் (கம்போசிஷனில்) ஒரே லேயராக நிற்கும் உள் காம்ப்புக்குள், போட்டேன். பொருள் ஒன்று என்றால் பெட்டி ஒன்று என்ற எண்ணம்.

இரத்தம் காணாமல் போயிற்று. காரணம் எளிது. இதயத்துக்குப் பின்சுவர் உண்டு, முன்சுவர் உண்டு. இரத்த அணுக்கள் இரண்டுக்கும் நடுவே ஓடுகின்றன. லேயர் வரிசையில் கீழே பின்சுவர், மேலே இரத்தம், அதற்கும் மேலே வால்வுகள், உச்சியில் முன்சுவர். நான் இரத்தத்தை வெளியே விட்டு, மற்றவற்றை எடுத்து ஒரே பெட்டியில் போட்டதும் பின்சுவரும் முன்சுவரோடு சேர்ந்து மேலே ஏறிவிட்டது. இரத்தம் இரண்டுக்கும் அடியில் புதைந்தது.

அடுத்து நிறம் மாறியது. பின்னணி வரை தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் மெல்லிய வெதுவெதுப்பான சாயல் தரும் ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் இதய லேயர்களுக்கு நடுவே இருந்தது. அதையும் அறியாமல் உள்ளே இழுத்துவிட்டேன். அட்ஜஸ்ட்மென்ட் லேயர் தன் காம்ப்புக்குள் தனக்குக் கீழே இருப்பவற்றை மட்டுமே தொடும். வெளியே இருந்த பின்னணி சாயலை இழந்து வெளிறியது. வெளியே நின்றுவிட்ட நல்களோடு இருந்த பேரன்ட் இணைப்புகளும் (ஒரு லேயரை இன்னொன்றோடு சேர்ந்து நகரக் கட்டுபவை) அறுந்தன, ஏனென்றால் பேரன்ட்டும் சேயும் ஒரே காம்ப்பில் இருந்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் சத்தமில்லாமல் நடந்தது. ஓர் எக்ஸ்பிரஷன் (லேயரின் மதிப்பைக் கணக்கிடும் சிறு நிரல்) 'இந்த காம்ப்பின் 3ஆம் லேயர்' என்று எண்ணால் தேடிக்கொண்டிருந்தது. வரிசை மாறியதும் 3ஆம் இடத்தில் வேறு லேயர் வந்து உட்கார்ந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அம்பு ஒன்று தவறான இரத்தக் குழாயைச் சுட்டிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து எக்ஸ்பிரஷனில் லேயரை எண்ணால் அழைப்பதை நான் எந்தக் கோப்பிலும் விட்டுவைப்பதில்லை. பெயரால் அழைக்க வேண்டும். அதற்கு முதலில் பெயர் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பின்வாங்கி, பழைய நிலைக்குத் திரும்பினேன்.

'சேர்த்து வை' என்பதற்கு எத்தனை பொருள்

நாம் 'குழு' என்று ஒரே சொல்லால் சொல்வது இங்கே மூன்று வேறு தேவைகள். சில லேயர்கள் சேர்ந்து நகர வேண்டும். சில லேயர்கள் சேர்ந்து ஒரே படமாக வரையப்பட வேண்டும். சில லேயர்கள் என் கண்ணிலிருந்து சேர்ந்து விலகியிருந்தால் போதும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இவை மூன்றுக்கும் தனித்தனிக் கருவிகள் தருகிறது. நகர்வுக்கு பேரன்ட் இணைப்பு. வரைவுக்கு ப்ரீகாம்ப். கண்மறைவுக்கு ஷையும் வண்ணக் குறியும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுக்கும்போதுதான் கோப்பு உடைகிறது. முன்னவர் ஷையை நம்பினார். அது திரைச்சீலை, கயிறு அல்ல. நான் ப்ரீகாம்ப்பை நம்பினேன். அது சுவர், அடுத்தவர் நடுவே நுழைய இடம் தராது.

மற்ற மென்பொருள்களில் வேலை செய்து வருபவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு. ஆப்பிள் மோஷனில் குழு என்பது லேயர் பட்டியலின் அடிப்படை அலகு. குழுவை நகர்த்தினால் உள்ளே இருப்பவை நகரும். குழுவுக்கு ஃபில்டர் போட்டால் எல்லாவற்றுக்கும் சேர்த்து விழும். வேண்டும்போது மடித்தும் வைக்கலாம். மூன்று தேவையும் ஒரே பெட்டியில். ஒவ்வொரு செயலையும் ஒரு கட்டமாக (நோட்) வைத்துக் கோடுகளால் இணைக்கும் ஃப்யூஷன் போன்ற நோட் முறையில் குழு என்பது நோட்களை ஒன்றாகச் சுருட்டி வைப்பது மட்டுமே, படம் மாறாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே ஷேப் லேயருக்குள் உண்மையான குழுக்கள் உண்டு, வெளியே டைம்லைனில் கிடையாது. கோப்பை உள்ளே கொண்டுவரும்போதும் இதே வேறுபாடு குறுக்கிடும். ஃபோட்டோஷாப் குழு ஒரு தனி காம்ப்பாக மாறி வரும். இல்லஸ்ட்ரேட்டரிலோ மேல்மட்ட லேயர்கள் மட்டும்தான் தனித்தனி லேயர்களாக வரும். உள்ளே எத்தனை உட்குழு இருந்தாலும் ஒட்டிப்போய்விடும். இந்த இதயத்தின் மூல ஓவியத்தில் நான்கு வால்வுகளும் ஒரே மேல்மட்ட லேயரில் கிடந்தன. மீண்டும் இல்லஸ்ட்ரேட்டருக்குப் போய் அவற்றை நான்கு மேல்மட்ட லேயர்களாகப் பிரித்துத்தான் தொடங்க முடிந்தது.

இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் இந்தக் கோப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது: சேர்ந்து மாற வேண்டியவை. திருத்தம் கேட்டு வருபவர் 'ஷேப் லேயர் 147' என்று கேட்பதில்லை. 'துடிப்பை வேகமாக்குங்கள்', 'எழுத்தை மாற்றுங்கள்' என்றுதான் கேட்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குத் திறக்க வேண்டிய இடம் ஒன்றாக இருந்தால் கோப்பு ஒழுங்காக இருக்கிறது என்று பொருள்.

மறுபடி அடுக்கியது

அதனால் 'இதயம்' என்று பெட்டி போடவில்லை. 'துடிப்பு' என்று போட்டேன். அந்த காம்ப்பின் நீளம் 20 ஃப்ரேம், அவ்வளவுதான். உள்ளே பின்சுவர், இரத்தம், வால்வுகள், முன்சுவர் அதே வரிசையில். சுவரின் சுருக்கமும் வால்வின் திறப்பும் இந்த 20 ஃப்ரேமுக்குள் ஒரே ஒரு முறை கீஃப்ரேம் வைக்கப்பட்டன. பிரதான காம்ப்பில் யார் எங்கே எத்தனை ஃப்ரேம் தள்ளினாலும் வால்வு சுவரை விட்டுப் பிரிய முடியாது.

இரத்தத்தை 20 ஃப்ரேமில் சுழலவிடுவதுதான் யோசிக்க வைத்தது. அணுக்கள் தொடர்ந்து ஓட வேண்டுமே. ஒரு துடிப்பு முடியும்போது ஒவ்வோர் அணுவும் தனக்கு முன்னால் இருந்த அணுவின் இடத்தில் சரியாக வந்து நிற்குமாறு இடைவெளி வைத்தேன். 20ஆம் ஃப்ரேமும் 0ஆம் ஃப்ரேமும் ஒரே படமாகிவிடும். கண்ணுக்கு ஓட்டம் நிற்காது. இதே 'இரத்தம்' காம்ப்பை இதயத்துக்கு வெளியே உள்ள 'குழாய்கள்' காம்ப்பிலும் வைத்து, இரண்டு இடத்திலும் தேவையான பகுதி மட்டும் தெரியும்படி மேட் போட்டேன். மேட் லேயர் முன்பெல்லாம் தன் லேயருக்கு நேர் மேலே இருந்தாக வேண்டும். 2022 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து பட்டியலில் எங்கே இருந்தாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதனால் மேட்களை எல்லாம் அடியில் ஓரிடத்தில் சேர்த்து வைக்க முடிந்தது.

சுழற்சிக்கு, எந்த நேரத்தில் எந்த ஃப்ரேம் தெரிய வேண்டும் என்று சொல்லும் டைம் ரீமேப்பில் ஒரு சிறிய எக்ஸ்பிரஷன்: நடப்பு ஃப்ரேம் எண்ணை 20-ஆல் வகுத்து வரும் மீதி. வினாடியில் வைத்து 0.8-ஆல் வகுக்கவில்லை. 0.8 என்ற தசம எண் கணினிக்குள் துல்லியமாக நிற்காது. சில சுற்றுகளில் 0 வர வேண்டிய இடத்தில் 0.7999 வந்து, ஒரு ஃப்ரேம் பழைய படம் தங்கிவிடலாம். முழு எண்ணில் அந்தப் பயம் இல்லை.

அடுத்து, மின் தூண்டல் பாதையைக் காட்டும் காட்சி. அங்கே இதயம் 25 விழுக்காடு ஒளிபுகாமைக்கு மங்க வேண்டும். பழைய கோப்பில் முன்னவர் ஒவ்வொரு லேயரையும் தனித்தனியாக 25-க்கு இறக்கியிருந்தார், ஏனென்றால் பேரன்ட் இணைப்பு இடம், அளவு, சுழற்சி எல்லாவற்றையும் கடத்தும், ஒளிபுகாமையை மட்டும் கடத்தாது. விளைவாக முன்சுவர் வழியே வால்வும், வால்வு வழியே பின்சுவரும் தெரிந்து, கண்ணாடித் துண்டுகளைக் குவித்தது போல் இருந்தது. இப்போது 'துடிப்பு' ஒரே படம், ஒரே ஒளிபுகாமை, இதயம் முழுதாக மங்கியது.

நிமிர்ந்த திரையில் அதுவும் ஒரு முறை உடைந்தது. அங்கே இதயத்தைப் பெரிதாக்கியபோது ஓரங்கள் மங்கலாயின. கூர்மைக்காக 'கொலாப்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ்' பொத்தானை அழுத்தினேன். ஓரங்கள் கூர்மையாயின, கண்ணாடிக் குவியல் திரும்பி வந்தது. அந்தப் பொத்தான் ப்ரீகாம்ப்பின் சுவரைக் கழற்றி, உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியாக வெளியே விடுகிறது. ஒளிபுகாமையும் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போய்ச் சேர்கிறது. லேயரின் சொந்த ஒளிபுகாமையை 100-இலேயே விட்டு, 'டிரான்ஸ்ஃபார்ம்' எஃபெக்ட்டில் உள்ள ஒளிபுகாமையால் மங்கச் செய்தேன். எஃபெக்ட் ஒன்று விழுந்தால் உள்ளே இருப்பவை முதலில் ஒரே படமாக வரையப்பட்டாக வேண்டும். கூர்மையும் நின்றது, ஒருமையும் நின்றது. இதை அந்த லேயரின் மேலேயே ஒரு மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். இல்லையென்றால் அடுத்து வருபவர் 'இது எதற்கு' என்று எஃபெக்ட்டை அழித்துவிடுவார்.

எழுத்துகளில் அதிகம் சொல்ல இல்லை. 14 உறுப்புப் பெயர்கள், ஒவ்வொன்றிலும் எழுத்து, அடிக்கோடு, புள்ளி. 'பெயர்ப்பலகை' என்று ஒரே காம்ப் செய்து, எசென்ஷியல் கிராஃபிக்ஸ் பலகத்தில் எழுத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன். 14 பிரதிகளிலும் வேறு வேறு சொல், வடிவம் ஒன்றே. மொழிகளை எக்ஸ்பிரஷன் மூலம் ஒரு பொத்தானில் மாற்றும் வழியும் உண்டு. அதை வேண்டாமென்று விட்டேன். பெயர்களைத் திருத்தப் போவது மொழிபெயர்ப்பாளராகக்கூட இருக்கலாம். அவருக்குத் திறந்ததும் எழுத்துதான் தெரிய வேண்டும். மூன்றாம் மொழியின் எழுத்துகள் கோட்டுக்குக் கீழே அதிகம் இறங்கும். சிறிய காம்ப்பின் விளிம்பில் அவற்றின் வால் வெட்டுப்பட்டது. பெயர்ப்பலகையின் உயரத்தைக் கூட்டி, ஆங்கர் புள்ளியை (லேயர் நிலைகொள்ளும் புள்ளியை) அடிக்கோட்டில் வைத்ததும் சரியானது.

பிரதான காம்ப்பில் கடைசியாக எஞ்சியவை 24 வரிகள்: 14 பெயர்ப்பலகைகள், துடிப்பு, குழாய்கள், மின்பாதை, அம்புகள், வண்ணச் சாயல், பின்னணி, குரல், இசை, கட்டுப்பாட்டு நல், ஒரு வழிகாட்டி லேயர் (வேலையின்போது மட்டும் தெரிவது, இறுதிப் படத்தில் வராதது). ஷை போட்டது வழிகாட்டிக்கு மட்டும்.

மருத்துவரின் இரண்டாம் கோரிக்கை

திருத்திய படத்தைப் பார்த்த மருத்துவர் ஒப்புதல் தந்தார். பிறகு ஒன்று கேட்டார். உடலுழைப்பின்போது இதயம் நிமிடத்துக்கு 100 முறை துடிப்பதை நான்கு வினாடி காட்ட முடியுமா? 100 என்றால் ஒரு துடிப்புக்கு 0.6 வினாடி, 15 ஃப்ரேம். துடிப்பை வேகமாக ஓட்டினால் போதாது என்றும் அவரே சொன்னார். வேகம் கூடும்போது சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும். தளர்ந்து நிரம்பும் நேரம்தான் அதிகம் குறையும்.

'துடிப்பு' காம்ப்பை நகலெடுத்து 'துடிப்பு 15' என்று பெயரிட்டு, சுருக்கத்துக்கு 7, தளர்வுக்கு 8 ஃப்ரேம் என மாற்றினேன். உள்ளே இருந்த இரத்தத்தையும் 15-க்குச் சுருக்கினேன். மறு ஓட்டத்தில் பழைய காட்சிகளில் இரத்தம் விட்டுவிட்டு ஓடியது. காம்ப்பை நகலெடுத்தால் வெளிக்கூடு மட்டுமே நகலாகும். உள்ளே இருக்கும் காம்ப்புகள் பழையவையே, இரண்டுக்கும் பொது. இரண்டு இடத்தில் ஒரே இரத்தம் என்று நான் மகிழ்ந்து அமைத்த அதே ஏற்பாடு இங்கே என்னைத் தடுக்கியது. 'இரத்தம்' காம்ப்பை 20-க்கே மீட்டு, தனி நகல் எடுத்து 'இரத்தம் 15' என்று பெயர் வைத்து, புதிய துடிப்பிலும் அந்த நான்கு வினாடிக்கான குழாய்களின் நகலிலும் பழையதற்குப் பதிலாக அதைப் பொருத்தினேன்.

மூன்று மொழிகளில், இரண்டு அளவுகளில், ஆறு படங்கள் மாலைக்குள் ரெண்டர் ஆகி முடிந்தன. ஒவ்வொன்றையும் 41ஆம் வினாடியில் நிறுத்தி, ஃப்ரேம் ஃப்ரேமாக 20 முறை தட்டி, வால்வு மூடும் இடத்தை எண்ணிப் பார்த்த பிறகே அனுப்பினேன்.